நாலு பேருக்குத் தருவதாகச் சொன்ன கிட்டார்

டல்ஸ் பெண்ட், மிசிசிப்பி
1969 ஏப்ரல் 14

ஹோசியாவுக்கு,

எசெலைப் புதைத்தாகிவிட்டது. நான் அடித்த தந்தி உன் கையில் சேர்ந்துவிட்டதென்று தந்தி ஆபீஸில் அடித்துச் சொல்கிறார்கள். அதனால் கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதிவிடாதே.

நீ வருவாய் என்று நம்பி, கிரெனடா ஸ்டேஷனுக்கு கிளியோஃபஸை வண்டியோடு அனுப்பினேன். நீ ஊரைவிட்டுப் போன பிறகு இங்கே முடிவெட்டும் கடை போட்டவன், உனக்குத் தெரியாது. வந்த ரயிலையெல்லாம் பார்த்துவிட்டு வெறும் வண்டியோடு திரும்பினான். சவப்பெட்டியைத் தூக்க ஓர் ஆள் குறைந்தது. எசெலை ஜென்மத்தில் பார்த்திராத, சபை டீக்கனுடைய மச்சானைக் கூப்பிட்டோம். மீசை முளைக்காத வயதிலிருந்து ஒரே சட்டியில் தின்று, ஒரே காரில் தூங்கி, ஊர் ஊராக ப்ளூஸ் வாசித்தவர்கள் நீங்கள் இரண்டு பேரும். அவன் கிட்டாரும் உன் மவுத் ஆர்கனும் இல்லாமல் இந்தப் பக்கத்தில் ஒரு சனிக்கிழமை போனதில்லை. கடைசியில் அவனைத் தூக்கியது யாரோ ஒரு மச்சான்.

என்னை மூன்றாவது வரிசையில் உட்காரவைத்தார்கள். விவாகரத்து வாங்கியவள் முன்வரிசைக்கு வரக்கூடாதாம். இரண்டு வருஷமாக அவனுக்குச் சூப் ஊட்டிப் படுக்கை மாற்றியபோது எந்த வரிசை என்று யாரும் கேட்கவில்லை. முன்வரிசையில் மெம்ஃபிஸிலிருந்து வந்த அவன் தங்கை ஆர்ஸுலா, வலை வைத்த தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பெட்டி குழிக்குள் இறங்குமுன்பே கிட்டார் சண்டை ஆரம்பித்துவிட்டது.

"சவரம் பண்றப்போ எனக்குத்தான்னு சொன்னாரு அக்கா. கண்ணாடியில என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரு," என்கிறான் கிளியோஃபஸ்.

"சபைக்குத் தர்றதா என்கிட்ட ஒத்துக்கிட்டார். ஜெபம் பண்ணின கையோட சொன்னது," என்கிறார் பெட்வே பாஸ்டர். கிட்டார் பிசாசின் பெட்டி என்று வாராவாரம் முழங்கும் அதே பாஸ்டர்தான். அடக்கத்துக்குக்கூட ஒரு கம்பியைத் தட்டவிடவில்லை அவர்.

"வாக்கு கிடக்கட்டும். ரத்தம்னு ஒண்ணு இருக்கில்ல?" என்கிறாள் ஆர்ஸுலா.

போதாக்குறைக்கு, டேப் ரெக்கார்டரோடு வந்து போகும் வடக்கத்திக் கல்லூரி வாத்தியார் ஒருவர். வெள்ளைக்காரர். அவருக்கும் தருவதாகச் சொல்லியிருக்கிறான் இந்த மகராசன்.

என்னிடம் அவன் சொன்னது வேறு. "அது ஹோசியாவுக்கு," என்றான். ஆகவே அது உன்னுடையது. அதைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு என்னால் கடைக்குக்கூடப் போய்வர முடியவில்லை. வந்து எடுத்துக்கொண்டு போ.

வெர்லீன்


சிகாகோ
ஏப்ரல் 27

வெர்லீன்,

தந்தி கிடைத்தது. படித்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் கராஜுக்கு வேலைக்குப் போனேன். அவ்வளவுதான்.

நான் வரமாட்டேன். முழங்கால் இரண்டும் போய்விட்டன என்பது ஒரு காரணம். ஷெரீஃப் என் தொப்பியைத் தட்டிவிட்டு, அதை நானே குனிந்து எடுக்கச் சொன்ன ஊருக்கு ஏன் வரவேண்டும் என்பது இன்னொன்று. ஆனால் உன்னிடம் பூசி மெழுகிப் பயனில்லை. எசெலால்தான் வரவில்லை.

சிகாகோவுக்கு என்னைக் கூட்டிவந்தவன் அவன். மேற்குப் பக்கத்தில் 'ப்ளூ லான்டர்ன்' என்று ஒரு கிளப். அங்கே நாங்கள் வாசிக்கும் நாளில் வெளியே ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். கடைசி இரண்டு வருஷம் அவன் என்னை எப்படி நடத்தினான் என்று உனக்குத் தெரியாது. நான் தனியாக வாசிக்கும் இடம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். என்னைப் பார்க்கவே மாட்டான். தூணைப் பார்ப்பான், சமையலறைக் கதவைப் பார்ப்பான். நான் மூச்சுமுட்ட வாசித்துக்கொண்டிருப்பேன், இவன் கல்யாணத்தில் சாப்பாடு சரியில்லை என்று உட்கார்ந்திருக்கும் மாமனாரைப் போல் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான். ஜனங்கள் கவனித்தார்கள். "உன் கூட்டாளிக்கு உன் வாசிப்புப் பிடிக்கலையா?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டார்கள்.

கேட்டும் பார்த்தேன். "என்னடா பிரச்சினை உனக்கு?" என்றேன். "ஒண்ணுமில்ல, நீ வாசி," என்றான். மூன்று சொல். அதிலும் ஒன்று பொய்.

ஐம்பத்தெட்டில் ஒரு நாள், பாட்டின் நடுவில் எழுந்தான். கிட்டாரைப் பெட்டியில் வைத்தான். சமையலறை வழியாக வெளியே நடந்தான். நான் அடுத்த வரிக்காக மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கூட்டம் ஊளையிட்டது. அதோடு சரி. ஒரு வரி எழுதவில்லை. ஒரு போன் இல்லை. பிறகு இரண்டு வருஷம் தனியாக இழுத்துப் பார்த்துவிட்டு, பல்செட் வைத்ததும் நிறுத்திவிட்டேன்.

கிட்டாரை முடிவெட்டுகிறவனுக்கே கொடு.

ஹோசியா


டல்ஸ் பெண்ட்
மே 6

ஹோசியா,

இரண்டு கழுதைகளுக்கு நடுவில் என் காலம் போய்விட்டது. ஒன்றைப் புதைத்துவிட்டேன், இன்னொன்று சிகாகோவிலிருந்து கடிதம் போடுகிறது.

கிளியோஃபஸுக்குக் கொடுத்தால் பாஸ்டர் என்னைச் சபையில் பியானோ வாசிக்க விடமாட்டார். பாஸ்டருக்குக் கொடுத்தால் ஆர்ஸுலா வக்கீல் வைப்பாள். மெம்ஃபிஸிலிருந்து அவள் போடும் கடிதங்களில் "பிராட்நாக்ஸ் குடும்பச் சொத்து" என்று எழுதுகிறாள். அந்தக் குடும்பத்துக்குச் சொத்தென்று இருந்தது ஒரு கோவேறு கழுதைதான், அதுவும் வெள்ளத்தில் போய்விட்டது. கல்லூரி வாத்தியார் போன வாரம் வந்து என் சோளரொட்டியைத் தின்றுகொண்டே, "கிட்டார் வாசிப்புக்காக அவர் பிசாசோட ஒப்பந்தம் போட்டாரா அம்மா?" என்று கேட்டார். "போட்டாரு. ஆனா அந்த ஒப்பந்தத்துக்கும் நேரத்துக்குப் போயிருக்க மாட்டாரு," என்றேன். அதை எழுதிக்கொண்டார்.

உன் மனஸ்தாபத்தையே எழுதுகிறாயே, என் பாட்டைக் கேட்டாயா? நாற்பத்தொன்பதில் அவனை நான் துரத்தியது ஊருக்கே தெரியும். பதினெட்டு வருஷம் கழித்து, ஒரு மழைநாளில் கிட்டார் பெட்டியோடு வாசலில் வந்து நிற்கிறான். "ரெண்டு நாள் தங்கிக்கிறேன் வெர்லீன்," என்றான். இரண்டு வருஷம் தங்கினான். நுரையீரல் அரித்துக்கொண்டிருந்தது. எதையும் கத்திச் சொல்ல வேண்டும். வலது காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்தினால்தான் பாதியாவது போகும். "மருந்து குடிச்சியா?" என்று நான் கேட்டால் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து "குடிச்சிட்டாரா?" என்று ஆட்கள் கேட்பார்கள். கிட்டாரைத் தாடையில் ஒட்டவைத்துத்தான் வாசிப்பான், எலும்பு வழியாகக் கேட்கிறது என்பான். சுருதி எங்கேயோ போகும், இவன் எங்கேயோ போவான். அதைக் கேட்டு உட்கார்ந்திருந்தவள் நான்.

ஆகவே உன் முழங்காலைப் பற்றி எனக்கு எழுதாதே. வா.

வெர்லீன்


சிகாகோ
மே 10

வெர்லீன்,

எந்தக் காது? எப்போதிலிருந்து?

ஹோசியா


டல்ஸ் பெண்ட்
மே 15

ஹோசியா,

இரண்டு வரிக்கு ஒரு ஸ்டாம்பை வீணாக்கியிருக்கிறாய். உனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். உன்னோடுதானே பாதி ஆயுளைக் கழித்தான்.

அவன் இடது காது என்னைக் கட்டுமுன்பே போய்விட்டது. ஆற்றங்கரை அணைக்கட்டு வேலையில் மரவேர்களுக்கு வெடி வைத்தார்களே, அங்கே. கல்யாணமான புதிதில் நான் இடது பக்கம் படுத்துக்கொண்டு கண்டதையும் பேசுவேன், பதிலே வராது. திமிர் என்று நினைத்தேன். வலது காது மட்டும் நன்றாக இருந்தது. சிகாகோவில் அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகப் போக ஆரம்பித்திருக்கிறது.

உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். மேடையில் நீ அவனுக்கு எந்தப் பக்கம் நிற்பாய்? வலது பக்கம்தானே? அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினால் உன் பக்கம் என்ன வரும் என்று யோசித்துப் பார். நீ சொல்லும் அதே திருப்பலை என் அடுப்படியிலும் செய்வான். நான் பேச ஆரம்பித்தால் ஜன்னலைப் பார்ப்பான். என்னை அலட்சியம் செய்கிறான் என்று முதல் மாதம் ஒரு தட்டைப் போட்டு உடைத்தேன்.

ப்ளூ லான்டர்ன் கதையை ஒரே ஒருமுறைதான் சொன்னான். முதலாளி புதிதாக ஒரு டிரம்ஸ்காரனைப் பிடித்து, அவனுடைய பித்தளைத் தட்டுகளை எசெலின் வலது காதுக்குப் பக்கத்தில் போட்டாராம். அன்றைக்குப் பாட்டின் நடுவில் காதுக்குள் ஒரே இரைச்சல். "ஹோசியா வாசிக்கிறான்னு கன்னம் உப்புறதை வச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு சத்தமும் வரல. என் கை எந்த இடத்துல இருக்குன்னே தெரியல. தப்பா வாசிச்சு அவன் மானத்தையும் வாங்கவா?" என்றான்.

ஏண்டா அவனிடம் சொல்லித் தொலைக்கவில்லை என்று கேட்டேன். கத்தித்தான் கேட்டேன். அதற்கு அவன் சொன்னது: "சொன்னா பரிதாபப்பட்டுச் சத்தமா வாசிக்க ஆரம்பிச்சிடுவான். அவன் சத்தமா வாசிச்சா வாத்து கத்துற மாதிரி இருக்கும். அவன் மெதுவா வாசிக்கிறப்போதான் அழகு. அதைக் கெடுக்கறதுக்குப் பதிலா நான் போயிடலாம்."

இதுதான் விஷயம். எனக்கு அடுப்பில் கோழி கிடக்கிறது.

வெர்லீன்


சிகாகோ
ஜூன் 8

வெர்லீன்,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

இதைப் படித்ததும் என் மனம் இளகியிருக்கும் என்று நினைத்தாயானால் தப்பு. எனக்கு இவ்வளவு கோபம் வந்து வருஷக்கணக்காகிறது. கராஜில் ஒரு சக்கரத்தை உதைத்துக் கால் விரலில் கட்டுப் போட்டிருக்கிறேன். பதினோரு வருஷம் ஒருத்தனை வெறுத்தேன், வெர்லீன். சும்மா அல்ல, சிரத்தையாக வெறுத்தேன். ரேடியோவில் கிட்டார் வந்தால் அணைத்தேன். அவனைத் தெரியுமா என்று கேட்டவர்களிடம் யாரென்றே தெரியாது என்றேன். அத்தனையையும் ஓர் ஆள் "காது கேட்கலடா" என்ற ஒரு வார்த்தையில் மிச்சப்படுத்தியிருக்கலாம். வாத்தாம். என் வாசிப்பு வாத்தாம். கேட்காத காதுக்கு அபிப்பிராயம் வேறு.

சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று அவனே முடிவு செய்துவிட்டான். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நான் அவனுக்கு எதிரே முட்டி போட்டுக்கூட வாசித்திருப்பேன். காலால் மேடையில் தாளம் தட்டியிருப்பேன், மரத்தின் வழியாக அவனுக்குத் தெரிந்திருக்கும். அந்த டிரம்ஸ்காரனைத் தட்டோடு தூக்கித் தெருவில் போட்டிருப்பேன். என்னைக் கேட்கவில்லையே.

உன்மேலும் கோபம்தான். இரண்டு வருஷம் வீட்டில் வைத்திருந்தாயே, ஒரு கார்டு போட்டிருக்கலாம். அவன் சொல்லாதே என்றான் என்பாய். அவன் சொன்னதை நீ எப்போது கேட்டாய்?

உண்மையில் எரிச்சல் என்ன தெரியுமா? இப்போது பழைய நாட்களை நினைத்துப் பார்த்தால் எல்லாம் தலைகீழாக இருக்கிறது. நான் வாசிக்கும்போது அவன் தூண் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானே, சில நேரம் கண்ணை மூடியிருப்பான். தூங்குகிறான் என்று நினைத்தேன்.

லீவு சொல்லியிருக்கிறேன். ஜூலை இரண்டாம் வாரம். கிரெனடாவுக்கு ரயிலில் வருகிறேன். அழ வரவில்லை, அவனிடம் நாலு வார்த்தை கேட்க வருகிறேன். கீரையில் பன்றிக்கொழுப்பு அதிகம் போடாதே, டாக்டர் கூடாதென்கிறார்.

ஹோசியா


டல்ஸ் பெண்ட்
ஜூலை 21

ஹோசியா,

வீடு போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு கார்டு போடும் பழக்கம் உங்கள் இரண்டு பேருக்கும் கிடையாது. சரி.

நீ போன மறுநாளே டீக்கன் வந்தார். கல்லறைத் தோட்டத்தில் யாரோ இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள் என்று நாம் அங்கே போன அன்று பாஸ்டரின் மனைவி அவரை ஓடவிட்டாளாம். வந்து பார்த்தால் நீ ஒருவன்தான், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மண்ணைப் பார்த்துக் கத்துகிறாய். "அவர் கெட்ட வார்த்தை பேசினார் சிஸ்டர்," என்றார். "பேசியிருப்பாரு. செத்தவரு அதைவிடப் பெரிசாப் பேசுவாரு," என்றேன்.

அவர் பார்த்தது பாதிதான். வாசல் பக்கம் காரில் உட்கார்ந்திருந்த நான் முழுக்கப் பார்த்தேன். நீ போய் நின்று, துரோகி என்று ஆரம்பித்து, ப்ளூ லான்டர்ன், சமையலறைக் கதவு, ஊளையிட்ட கூட்டம் என்று ஒன்று விடாமல் கேட்டு முடித்தாய். சரி, வந்துவிடுவான் என்று வண்டியைக் கிளப்பினேன். நீ வரவில்லை. சிலுவையைப் பார்த்தாய், குழியைப் பார்த்தாய், கையால் ஏதோ அளந்தாய். பிறகு அந்த முழங்காலை இழுத்துக்கொண்டு குழியைச் சுற்றி வலது காதுப் பக்கம் போய் நின்று, துரோகி என்று முதலிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாய்.

அடக்கத்தன்று மூன்றாவது வரிசையில் நான் அழவில்லை. ஆர்ஸுலா அதையும் ஊரெல்லாம் சொன்னாள். நீ கத்திய அன்று காரில் என் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. இதற்குமேல் அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

இப்போது நான் கடிதம் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

நீ கிளம்பிய அன்று கிளியோஃபஸ் கிட்டார் பெட்டியை ஏதோ பிரேதம் மாதிரி தூக்கிக் காரில் வைத்தான். பாஸ்டர் வாசலில் நின்று பார்த்தார். ஊரே பார்த்தது. கிட்டார் சிகாகோ போய்விட்டது என்று எல்லோரும் மனதைத் தேற்றிக்கொண்டார்கள். ஒரு வாரமாகக் கிட்டார் கேட்டு என் வாசலை யாரும் மிதிக்கவில்லை. ஆர்ஸுலாவின் கடிதம்கூட நின்றுவிட்டது.

இன்று காலை கட்டிலுக்கடியில் பெருக்கினேன். துடைப்பம் எதிலோ இடித்து ஒரு சத்தம் கொடுத்தது. குனிந்து பார்த்தால் போர்வையில் சுற்றிய கிட்டார்.

நீ எதைத் தூக்கிக்கொண்டு போனாய், ஹோசியா? இந்த வயதில் என்னோடு விளையாட்டா? கூனிக் குனிந்து கட்டிலுக்கடியில் தள்ளியிருக்கிறாய், அதற்கு மட்டும் முழங்கால் மடங்கியதா? உனக்குத்தான் என்று அவன் சொன்னான். மூன்று மாதம் காவல் காத்து உன்னிடம் ஒப்படைத்தேன். பாரம் இறங்கியது என்று நிம்மதியாக இருந்தேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று உடனே எழுது. நேராக எழுது.

வெர்லீன்


சிகாகோ
ஜூலை 29

வெர்லீன்,

பெட்டிக்குள் உன் பழைய தலையணை இரண்டு இருந்தன. கனம் வேண்டும் என்று ஒரு செங்கலும் போட்டேன். கிளியோஃபஸ் பெட்டியைத் தூக்கும்போது "எவ்வளவு கனம், எவ்வளவு பாட்டு இருக்கும் இதுக்குள்ள," என்று கண் கலங்கினான். எனக்குச் சிரிப்பை அடக்க ஒரு மைல் ஆனது.

நேராக எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். முடிவெட்டுகிறவனுக்குத் தருகிறேன் என்றான், சவரம் நன்றாக அமைய வேண்டும் என்பதற்காக. பாஸ்டரிடம் சொன்னது, ஜெபத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டுப் போகட்டும் என்பதற்காக. அந்த வாத்தியார் விஸ்கி வாங்கிவந்திருப்பார். எனக்கென்று சொன்னது, சொல்லாமல் விட்டதற்குப் பதிலாக. எசெலை எனக்குத் தெரியும். அவன் யாருக்காவது ஒன்றைத் தருகிறேன் என்றால், அந்த ஆளை வாசலுக்கு வெளியே அனுப்பப் பார்க்கிறான் என்று அர்த்தம்.

உனக்கு மட்டும்தான் அவன் எதையும் தருகிறேன் என்று சொல்லவில்லை. நானும் அந்த வீட்டில் ஐந்து நாள் உன்னோடு இருந்து பார்த்தேன். கிட்டாரைப் பற்றி எல்லோருக்கும் யோசனை சொன்னாய். எனக்கு வேண்டும் என்று ஒரு தடவையும் உன் வாயில் வரவில்லை. மூன்றாவது வரிசையில் உட்காரச் சொன்னால் உட்கார்ந்துவிடுகிறாய். எனக்கு அது பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

தலையணைகளை நான் வைத்துக்கொள்கிறேன். நன்றாக இருக்கின்றன.

ஹோசியா


டல்ஸ் பெண்ட்
ஆகஸ்ட் 9

ஹோசியா,

அந்தத் தலையணைகளைத் தேடி வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். உறையையாவது திருப்பி அனுப்பு, அது என் அம்மா தைத்தது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்னை வாயில் வந்தபடி திட்டினேன். பிறகு ஆணியும் சுத்தியலும் எடுத்தேன். முன்னறையில், தெருவில் போகிறவர்களுக்கு ஜன்னல் வழியே தெரியும் இடமாகப் பார்த்து மாட்டினேன். கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. சாய்ந்தே இருக்கட்டும், அவனும் நேராக நின்றதில்லை.

முதலில் வந்தது கிளியோஃபஸ். வாசலில் நின்றவன் அப்படியே நின்றுவிட்டான். பின்னாலேயே பாஸ்டர், ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுகளைப் பற்றிப் பேச வந்தவர், அவரும் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அக்கா, அது சிகாகோ போயிடுச்சுன்னு நெனச்சேன்," என்றான் கிளியோஃபஸ்.

"போகல," என்றேன்.

பாஸ்டர் தொண்டையைச் செருமினார். "அப்படின்னா அது இப்ப யாரோடது, சிஸ்டர் வெர்லீன்? சபைக்கு ஒரு தெளிவு வேணுமில்லையா?"

மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கையைக்கூடத் துடைக்கவில்லை.

"என்னோடது," என்றேன்.

ஹோசியா, இரண்டு பேரும் தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

வெர்லீன்